பியானோ சாவி என்னிடம்தான்

அக். 5, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். ஓமானில் இந்த சோஹார் ஊர்க் கடல் காற்றுக்கு இன்றும் லீவு. காலேஜ் கலைக்கூட வாசலில் காவல் டூட்டி. காவல் என்ன காவல், கட்டடமே என்னை நம்பித்தான் நிற்கிறது. எத்தனை லட்சம் ரியாலோ கொட்டிக் கட்டியது. திறப்பு விழாவில் மந்திரி எனக்குத்தான் முதலில் கை கொடுத்தார். (பக்கத்தில் நின்றவர்களுக்கும் கொடுத்தார்.)

மேனேஜர் கூப்பிட்டார். இவ்வளவு செலவு செய்தும் பிள்ளைகள் உள்ளே வருவதில்லையாம். மேலிடத்தில் கேள்வி. இனி சாயங்காலமும் திறக்கணும், அதற்கு ஒரு சூப்பர்வைசர். எனக்கா, ரிசப்ஷன் நேசனுக்கா என்று வியாழக்கிழமை சொல்வாராம்.

எனக்குத்தான். வீட்டுக்காரியிடம் போனில் சொல்லியாயிற்று. இந்நேரம் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

அக். 6, திங்கள்

நேசன், யாழ்ப்பாணம். என்னைவிட இளையவன். பிள்ளைகள் பெயரெல்லாம் தெரியும். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவனுக்கு ஸலாம். என்னைப் பார்த்தால் ஐடி கார்டை எடுத்து நீட்டுகிறார்கள்.

ஹால் சோபாக்களில் வந்த நாள் பிளாஸ்டிக் உறை அப்படியே. கிழிந்த இடத்தில் டேப் ஒட்டிக் காப்பாற்றியது நான். நே. இன்று ஒன்றை உரித்துவிட்டான்.

"இருந்தால் சறுக்குது அண்ணை, சத்தமும் போடுது. பிள்ளையளுக்கு வெக்கமெல்லே."

"இத்தாலி சோபா தம்பி. அழுக்கானா நீயா வந்து தொடைப்ப?"

மேனேஜரிடம் சொல்லவில்லை. நமக்குப் பெரிய மனசு.

அக். 7, செவ்வாய்

அந்த ஒரு சோபாவில் ஆறு பேர் நெருக்கி. மற்றதெல்லாம் காலி. மேனேஜர் பார்த்துவிட்டு நே. தோளில் தட்டினார். மதியம் சோறு இறங்கவில்லை. மீன் குழம்பு வேறு.

வாங்க வேண்டியது: பிளேடு, தலைவலித் தைலம்.

அக். 8, புதன்

நே. வருமுன் போய்ப் பாக்கி சோபா எல்லாம் உரித்தேன். மேனேஜரிடம், திட்டம் என்னுடையது, முதல் சோபா சோதனைக்கு என்றேன். பிள்ளைகள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். "தாங்க்யூ நேசன் அங்கிள்" என்றார்கள்.

அவனிடம் இல்லாதது ஒன்று உண்டு. பியானோ சாவி. ஹாலில் நிற்கிற பியானோ, திறப்பு விழாவோடு பூட்டியது. போய்த் திறந்தேன். ஒரு ஓமானிப் பெண் தயங்கித் தயங்கிப் பார்த்தாள். யல்லா, வாசி என்றேன். வாசித்தாள். பிரமாதமில்லை, தடவல்தான். ஆனாலும் கேன்டீனிலிருந்து டீ கப்போடு வந்து நின்றார்கள், ஐந்நூறு பேர். சரி, ஐம்பது.

நேசனும் வந்து நின்றான். முகம் சுருங்கும் என்று பார்த்தேன். சிரிக்கிறான். அதுதான் தாங்கவில்லை.

அக். 9, வியாழன்

நேசனுக்குத்தான். சூப்பர்வைசர் என்று தைத்த சட்டையும் கொடுத்தாயிற்று. அவனுக்குத் தொளதொள. எனக்கென்றால் கச்சிதம்.

ரூமுக்குக் கிளம்பினேன். வாசலில் மறித்தான். "அண்ணை, கொஞ்சம் நிக்கேலுமோ? பியானோ அங்கிள் எங்கை எண்டு பிள்ளையள் கேக்குதுகள்."

நின்றேன். அவனுக்காக இல்லை.

பிறகு வீட்டுக்குப் போன். பியானோ டிபார்ட்மென்ட் முழுக்க என் கையில் என்றேன். அது எவ்வளவு பெரிசு என்று கேட்டாள்.

நம்ம வீடு அளவு என்றேன்.