படிக்காமல் ஒத்துக்கொண்ட பதினான்காம் பிரிவு

மேசைமேல் புது ஒப்பந்தம் கிடக்கிறது. நோயாளிகளின் விவரங்களை எங்கோ தூரத்துக் கணினிகளில் சேமித்துத் தரும் ஒரு நிறுவனம் அனுப்பியது. முதல் பக்கத்தைப் புரட்டியதுமே பதினான்காம் பிரிவைத் தேடினேன். உன் நினைவுதான்.

செங்கம் சாலையில் நாமிருவரும் டயாலிசிஸ் மையம் தொடங்கியபோது மருத்துவம் உன்னுடையது, நிர்வாகம் என்னுடையது. அப்போது இதே வேலையைச் செய்த பழைய நிறுவனத்தின் நிபந்தனைகளைப் படிக்காமல் ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று அழுத்தியது நான்.

ஒரு பௌர்ணமி காலையில் ஆறு பேர் படுத்திருந்தார்கள். மூடப்பட்ட வேறொரு மையத்திலிருந்து புதிதாக நம்மிடம் வந்தவர்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பரின் அவர்களில் ஒருவருக்கு ஆகாது. யாருக்கென்பது அவர்களுக்கே தெரியாது; கணினியில் மட்டும் இருந்தது. திரை பூட்டிக்கொண்டது.

நிறுவனத்தைக் கூப்பிட்டோம். நம் கணக்கின்மேல் சந்தேகமாம். பதினான்காம் பிரிவின்படி முன்னறிவிப்பின்றி நிறுத்தலாமாம். பரிசீலிக்க மூன்று நாள் ஆகுமாம். வழக்குப் போடுவதானால் வெளிநாட்டு நீதிமன்றத்தில்தானாம். எதிர்முனைக்காரர் நிதானமாகவே பேசினார்.

நீ என்னைப் பார்த்தாய். “இதெல்லாம் படிச்சியா?”

“படிக்கலைடி.”

திட்டுவாய் என்று நின்றேன். நீ செவிலியர் பக்கம் திரும்பினாய். “யாருக்கும் ஹெப்பரின் வேணாம். சலைன் விட்டே ஓட்டலாம்.”

நான்கு மணி நேரம் நீ உட்காரவில்லை. கால் மணிக்கொருமுறை ஒவ்வொரு குழாயிலும் சலைன் விட்டு, ரத்தம் உறைந்து கறுக்கிறதா என்று குனிந்து பார்த்தாய். மூன்றாவது படுக்கையில் அடி அண்ணாமலை விவசாயிக்குக் கறுக்கத் தொடங்கியது. இயந்திரத்தை நிறுத்திக் குழாய்களை மாற்றினாய். அவர் மனைவி பயந்துபோய், கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா என்று கேட்டாள்.

“கெட்டுப்போகலைங்க. கண்டிஷனைப் படிக்காம ஒத்துக்கிட்டேன். தப்பு என்னோடதுங்க” என்றாய் நீ.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கழற்றிய குழாய்களைக் குப்பைப் பையில் திணித்தேன்.

ஆறு பேரும் நல்லபடியாக வீடு போனார்கள். மூன்றாம் நாள் திரை திறந்தது. அந்த மருந்து ஆகாதவர் அந்த விவசாயியேதான். நீ பெயரைப் படித்துவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாய். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவேயில்லை. அடுத்த வருடம், யாரும் எதிர்பாராத ஒரு மதியத்தில், உன் இதயம் நின்றுபோனது.

போன வாரம் அந்த விவசாயியின் மனைவியிடம் சொன்னேன்: “அன்னிக்கு ஒத்துக்கிட்டது டாக்டர் இல்லைங்க. நான். தப்பு என்னோடது.”

அவள் கணவரின் போர்வையைச் சரிசெய்தபடியே சொன்னாள். “அப்பவே தெரியும்மா. உங்க மூஞ்சியைப் பாத்தேன். டாக்டரம்மா சொல்லிட்டாங்க, நானும் கேக்கல.”

உன்னிடம் சொல்லத்தான் முடியவில்லை. நீ ஒரு மூச்சில் சொன்ன வார்த்தைகள் என் வாயில் வர இரண்டு வருடம் ஆயிற்று.