ஹார்லியின் கறுப்புக் கோட்டு

எர்வினுக்கு,

இந்த ஞாயிறு சபை ஆராதனை ஓபேத் வீட்டில். அந்த வீட்டைக் கூட்டிக் கழுவ மற்றப் பெண்களோடு கிளம்பிவிட்டேன். பீன்ஸ் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது.

ஹார்லியின் கோட்டைப் பிரித்துச் சின்னவன் யோனாவுக்குத் தைத்துவிட்டேன். "பெரியவன் திரும்பி வந்தா ஆராதனைக்கு எதப் போடுவான்? அதத் தொடாத!" என்று நேற்று கத்தினீர்கள். யோனாவுக்குப் பழைய கோட்டில் மணிக்கட்டு முழுக்க வெளியே தெரிகிறது. இன்னும் எத்தனை ஞாயிறு அப்படி அனுப்புவது?

ஹார்லி வீட்டை விட்டுப் போனபோது பதினாறு வயது. இப்போது பத்தொன்பது. அந்தக் கோட்டு அவன் தோளில்கூட ஏறாது.

யோனா போட்டுக் காட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

லவீனா

பி.கு.: ஹார்லிக்குப் புதுக் கோட்டுத் துணி வாங்கிவிட்டேன். அவன் உங்கள் உடல்வாகு. சாயங்காலம் நான் வந்ததும் கொஞ்சம் நேராக நில்லுங்கள், தோளை அளக்கவேண்டும்.