ஆடி மாதத்துக் கம்பளிச் சீர்

திண்டிவனம்,
ஆடி முதல் வெள்ளி.

அன்பு மகள் கலைப்பிரியாவுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி ரோஜாவும் வேர்த்து ஒழுகிக்கொண்டே சௌக்கியம். ஹாம்பர்க்கில் நீயும் மாப்பிள்ளை தென்னரசுவும் பாப்பாவும் நனையாமல் நடுங்காமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மயிலம் முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கு அந்த ஊர் தெரியாது என்பதால் விலாசத்தையும் எழுதி உண்டியலில் போட்டேன். போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடும், வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய், கடுதாசிக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. உன் மாமனார் மாமியார் கொண்டுவரும் பெட்டியிலேயே வைத்து அனுப்பியிருக்கலாம், ஆனால் இது அவர்கள் கண்ணில் படக்கூடாத சங்கதி, அதனால் தபாலில் போடுகிறேன். இப்போது நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். கீழே நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய், மாப்பிள்ளை நம்பமாட்டார், ஜெர்மனி தேசத்துத் தபால்காரன் பிரித்துப் படித்தால் அவனும் நம்பமாட்டான். விழுப்புரம் தடத்தில் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் உள்ளே காலியாகக் கிடக்கிறது என்று சொல்லியே பஸ்ஸை நிரப்பியவன் நான், என் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று உனக்குத் தெரியும்.

சித்திரை மாதம் நீ போன் செய்தாய். நார்வே பக்கம் கப்பலில் போகிறோம், நீங்கள் இரண்டு பேரும் வந்தே ஆகவேண்டும், பாப்பா நடக்கவே ஆரம்பித்துவிட்டாள், சித்தி இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கவில்லையே என்று சொன்னாய். அந்தக் கடைசி வார்த்தையில்தான் உன் சித்தி விழுந்தாள். கப்பலும் வேண்டாம் நார்வேயும் வேண்டாம், பாப்பாவைத் தூக்கப்போகிறோம் என்று அன்றையிலிருந்து இடுப்பைச் சாய்த்தே நடந்தாள். கோடைகாலம்தான், ஆனால் அந்தப் பக்கத்து வானத்தை நம்ப முடியாது, காலையில் வெயில் அடிக்கும், டீ குடிப்பதற்குள் மழை பிடிக்கும், அது விடுவதற்குள் ஊசிக்காற்று வரும், அதனால் வெங்காயம் மாதிரி தோல்மேல் தோலாக உடுத்தி ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும் என்று நீ பாடம் எடுத்தாய். உடம்போடு ஒட்டும் உள்ளாடை, மேலே கம்பளிச் சட்டை, அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு, குல்லா, கையுறை, கம்பளிக் காலுறை, வழுக்காத ஷூ. ராத்திரியிலும் சூரியன் இறங்காது, கண்ணுக்குக் கட்டுத்துணி. சுடுதண்ணீர்க் குளத்துக்கு நீச்சல் உடை வேறு. நான் பட்டாப்பட்டி டிராயரை எடுத்து வைத்தேன், அதைப் பார்த்து நார்வேக்காரர்கள் தங்கள் கொடியை மாற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்று உன் சித்தியிடம் சொன்னேன்.

இதையெல்லாம் கத்திரி வெயிலில் திண்டிவனத்தில் தேடினோம். அன்றைய வெயில் எப்படி என்றால், மார்க்கெட்டில் கொட்டிவைத்த மல்லாட்டைக் கடலை தானாக வறுபட்டு வெடித்தது, ஜனங்கள் ஓரமாக நின்று தோலை ஊதித் தின்றார்கள். ஜவுளிக்கடையில் கம்பளிச் சட்டை கேட்டதற்கு அந்தப் பையன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இன்னாண்ணே ஜுரமா, ஆஸ்பத்திரி எதிர்க்கதான் கீது, ஜல்தியா போங்க என்றான். கடைசியில் அவன் பரண்மேல் ஏறிப் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான். அதில் உன் சித்தி ஒரு பால் நிறக் கம்பளிச் சட்டையைப் பிடித்தாள். அழுக்குத் தாங்காதும்மா என்று அவனே சொன்னான். பாப்பாவத் தூக்கறப்ப கன்னத்துல சாயம் ஒட்டாதில்ல என்றாள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்து, புதுத்துணி ஆச்சே என்று மூலைக்கு மூலை மஞ்சள் தொட்டு வைத்துவிட்டாள். நம் வீட்டில் மஞ்சள் வைக்காமல் யாரும் ஒரு கைக்குட்டைகூடத் தொட்டதில்லை, நீயும் அப்படி வளர்ந்தவள்தான்.

வாங்கினால் போதுமா, குளிர் தாங்குமா என்று பார்க்க வேண்டாமா. என் சிநேகிதன் தாண்டவராயனின் ஐஸ் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். எல்லாத் தோலையும் போட்டுக்கொண்டு பஜார் வழியாக நடந்தோம், கரடி வித்தை என்று நினைத்து ஒரு தெருவே பின்னால் வந்தது. ஐஸ் பாளங்களுக்கு நடுவே நின்ற கொஞ்ச நேரத்தில் என் மூக்கிலிருந்து ஒரு முழ நீளத்துக்குப் பனிக்கட்டி தொங்கியது, தாண்டவராயன் அதை உடைத்து இரண்டு நன்னாரி சர்பத் போட்டான். உன் சித்தி மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டு ஐஸ்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். இவ்ளோதானாங்க குளிரு, நல்லாத்தானே கீது, இதுக்கா அந்தப் பொண்ணு அப்டி பயமுறுத்திச்சி என்றாள். நான் வெளியே ஓடி வந்த பிறகும் உள்ளேயே இருந்தாள். யக்கா, வாக்கா, கதவ மூடணும், எல்லாம் கரைஞ்சிப்பூடும் என்று அவன் கெஞ்சித்தான் கூட்டி வந்தான்.

அப்புறம் ஆனி மாதம் உன் போன் வந்தது. வரவில்லை என்று சொல்லியிருந்த அத்தையும் மாமாவும் திடீரென்று வருகிறோம் என்கிறார்கள், கூடுதலாக இருப்பது ஒரு அறைதான், வேறு அறை கிடைக்கவில்லை, அவர்களிடம் முடியாது என்று சொன்னால் வீட்டில் பேஜாராகிவிடும், நீங்கள் நம்ம ஆளுங்க, புரிஞ்சிப்பீங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றாய். புரிந்துகொண்டேன் அம்மா. நான் பார்க்காததா? சீட்டில் உட்கார்ந்தவனை எழுப்பிவிட்டு, ஜன்னல் வழியாகத் துண்டு போட்ட பெரிய மனுஷரை உட்காரவைத்தவன் நான், அப்போது எழுந்து நிற்பவன் எப்போதும் நமக்குத் தெரிந்தவனாகத்தான் இருப்பான், தெரியாதவனை எழுப்பினால் சண்டைக்கு வருவான். என் அண்ணனும் அண்ணியும் போன பிறகு ஐந்து வயதில் உன்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து நாங்கள் நம்ம ஆளுங்கதான். அதோடு விட்டாயா. உங்களைக் கூப்பிட்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் சங்கடப்படுவார்கள், வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள் என்றாய். வாங்கின துணியெல்லாம் வீணாகப் போகாமல் அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள், கிட்டத்தட்ட உங்கள் சைஸ்தான் என்றாய். அதற்குத்தான் நான் போனை உன் சித்தியிடம் கொடுக்காமல் வைத்தேன். ஆனால் ஸ்பீக்கரில் இருந்தது.

உன் சித்தி துணிகளை எடுத்து மஞ்சள் வைத்த மூலைகளைச் சோப்பு போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். மஞ்சளுக்குச் சோப்பு ஆகுமா, அது ரத்தம் மாதிரிச் சிவந்துகொண்டு வந்தது. மற்றதெல்லாம் அலச அலசப் போய்விட்டது, அந்தப் பால் நிறக் கம்பளியில் மட்டும் விடவேயில்லை. அழுகிறாளோ என்று பார்த்தேன், நுரைதான் முகத்தில் தெறித்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பியபோதுதான் வாயைத் திறந்தாள். பையில போட்டுக் குடுத்தா நம்ம கட்டிக் கழிச்சத குடுத்த மாதிரி இருக்கும், நாளைக்கு அந்தப் பொண்ணுக்குத்தான் பேச்சு, ஆடி பொறந்துக்கினு கீது, தட்டுல வெச்சி சீராவே குடுத்துடலாம் என்றாள். உனக்குத் தலை ஆடிச் சீர் செய்து எத்தனையோ ஆடி போய்விட்டது. ஆனாலும் வெற்றிலை பாக்கு, பூ, பழம், தேங்காய், நடுவில் குரங்கு குல்லா என்று உலக சரித்திரத்தில் முதல் கம்பளிச் சீர் திண்டிவனத்திலிருந்து புறப்பட்டது. பஸ்ஸில் எங்களைப் பார்த்து டிரைவர் எழுந்து நின்று ஓட்டினார். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒரு அம்மாள், பொண்ணு எந்த ஊருங்க, காஷ்மீரமா என்று கேட்டாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் அத்தனை வண்டியும் எங்களுக்கு வழிவிட்டு ஹாரன் அடித்தது.

விழுப்புரத்தில் உன் மாமனார் வீட்டில் நல்ல உபசாரம், குறை சொல்ல மாட்டேன். பெரியசாமி சம்பந்தி அப்போதே கோட்டை மாட்டிப் பார்த்தார், என் சைஸ் அவருடைய ஒரு கைக்குத்தான் காணும், மூச்சை இழுத்து ஜிப்பைப் போட்டார், விட்டார், ஜிப்பின் தலை தெறித்து மின்விசிறியில் பட்டு அடுத்த வீட்டு முருங்கை மரத்தில் போய் விழுந்தது. சிரித்து முடிக்கும் நேரத்தில் காந்திமதி சம்பந்தியம்மா அந்தப் பால் நிறக் கம்பளியை விரித்தார்கள். மூலையைத் தடவிப் பார்த்தார்கள். இதுல ஏற்கனவே மஞ்சள் வெச்சிக் கீதே, இது ஒங்களுக்குன்னு எடுத்ததாம்மா என்று கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அடுத்து அவர்களே சொன்னார்கள், நான்கூட கலைகிட்ட கேட்டேன், சித்தி சித்தப்பாவ கூப்டல்லியான்னு, அவங்களுக்கு இதெல்லாம் இஷ்டமில்ல அத்தே, எங்கியும் வரமாட்டாங்கன்னு சொல்லிச்சி, ஏம்மா, பேத்தியப் பாக்கக்கூடவா இஷ்டமில்ல என்றார்கள். நான் தரையைப் பார்த்தேன். நல்ல டைல்ஸ். உன் சித்தி சிரித்துக்கொண்டே, இஷ்டமில்லாம இல்லிங்க, எனக்குக் குளிர் ஒத்துக்காது, சின்ன வயசுலருந்தே அப்டி, இது ஒங்களுக்குன்னே எடுத்து சாமிகிட்ட வெச்சி நான்தான் மஞ்சள் தொட்டேன், நல்லபடியா போய்ட்டு வரணும்னு, தப்பா எடுத்துக்காதிங்க என்றாள். பிறகு அதை அவர்கள் தோளில் வைத்துப் பார்த்து, ஒங்களுக்கு எடுப்பா கீதுங்க என்றும் சொன்னாள்.

இனி புத்திமதி. சம்பந்தியம்மாவுக்கு உள்ளே பருத்தித் துணி போடவிடாதே, வேர்வை பட்டால் ஈரம் காயாமல் உடம்பு சில்லிட்டுப்போகும். மழைக்கோட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பார்கள், எடுத்துக் கைப்பையில் வைக்கச் சொல், மழை பெட்டி திறக்கும்வரை காத்திருக்காது. பெரியசாமி சம்பந்தி பெரிய குடை ஒன்றைக் காட்டினார், அந்தக் காற்றில் அவர் குடையோடு ருஷ்யாவில் போய் இறங்கிவிடுவார், வேண்டாம் என்று சொல். காலுறை இரண்டு ஜோடி கூடுதலாக வைத்திருக்கிறோம். பாப்பாவின் காதை மூடு. உங்கள் நால்வரையும் பாப்பாவையும் அந்தக் கடல் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும், மயிலம் முருகன் துணை இருக்கட்டும், பாப்பா நூறு வயசு வாழட்டும். இது கோபத்தில் எழுதிய கடுதாசிதான், ஆசீர்வாதத்தில் கோபம் கலக்கவில்லை.

சத்தியம் செய்தேன் அல்லவா, கணக்கை முடிக்கிறேன். மல்லாட்டை வெடிக்கவில்லை, என் மூக்கில் யாரும் சர்பத் போடவில்லை, டோல்கேட்டில் ஒரு சைக்கிள்கூட வழிவிடவில்லை, ஜிப்பு மாமனார் வயிற்றிலேயே பத்திரமாக இருக்கிறது. எல்லாம் சித்தப்பாவின் சரக்கு, தள்ளிவிடு. ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நடந்தது நடந்தபடி. எனக்குக் குளிர் ஒத்துக்காது என்று உன் சித்தி சொன்னது. அவளுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் நாக்குத் தடுமாறும், காது சிவக்கும், சின்ன வயதில் நீயே அதைப் பிடித்துப் பிடித்துக் கேலி செய்வாய். அன்றைக்குத் தடுமாறவில்லை, சிவக்கவில்லை. காலமெல்லாம் பொய் பேசியவன் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகையால் ஒன்றை மட்டும் மறக்காதே. கப்பலில் சம்பந்தியம்மா பேச்சுவாக்கில் மறுபடியும் கேட்பார்கள். சித்திக்குக் குளிர் ஒத்துக்காது என்றே நீயும் சொல். வேறு எதையாவது சொல்லி அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
குமரேசன்