இரண்டு கார்புரேட்டரும் ஒரு ஹெல்மெட்டும்

மரக்காணம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் வெற்றிச்செல்வனுக்கு,

உன் அக்காள் ரேகாவின் புருஷன், உன் அப்பா வாயால் சொன்னால் ‘தண்டச்சோறு’, வீட்டோடு மாப்பிள்ளை தட்சணாமூர்த்தி எழுதுவது. நீ குவைத்தில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். சுகமா என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் எது அனுப்பினாலும் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று அனுப்பியபோதும் அதே கட்டைவிரல்தான் வந்தது. கிளியனூர் பக்கிரியின் மகன் லீவு முடிந்து நாளை விமானம் ஏறுகிறான். நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். கருவாட்டு ஆசையிலாவது பிரிப்பாய் அல்லவா.

முதலில் வண்டி. நீ எப்போதும் முதலில் கேட்பது அதைத்தான். உன் ஆர்.டி. முன்னூற்றைம்பது பைக் இப்போது ஒரே உதையில் கிளம்புகிறது. அதை வாங்கப்போகும் இரும்பை ஊர்க்காரரே கார்புரேட்டர் இரண்டையும் தடவிப் பார்த்து, இந்த உப்புக் காற்றில் இவ்வளவு பளபளப்பா என்று வாய் பிளந்தார். நிறுத்தி வைத்த வண்டிக்கு எதற்கு இவ்வளவு சவரட்சணை என்று நீ கேட்டதே இல்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். சொல்லக்கூடாது என்று உன் அக்கா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். என் தலைதானே, போகட்டும்.

பக்கவாதத்துக்குப் பிறகு உன் அப்பா வாயைத் திறக்க மறுத்துவிட்டார். கஞ்சி, இட்லி, பாயசம், எதுவும் உள்ளே போகவில்லை. உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து ஊரையே அதட்டிய வாய் பூட்டு போட்ட மாதிரி இறுகிவிட்டது. அந்தச் சமயத்தில் ஒருநாள் பொழுது சாய, பேட்டரி போய்விடுமே என்று உன் வண்டியை வாசலில் வைத்துக் கிளப்பினேன். உள்ளேயிருந்து உன் அக்கா கத்தினாள்: “ஏங்க, வாயத் தொறந்துட்டாரு! நிறுத்திடாதீங்க, முறுக்குங்க!” நான் முறுக்க முறுக்க அவள் ஒரு கிண்ணம் கஞ்சியை ஊட்டி முடித்தாள். புகையும் சத்தமும் சேர்ந்து, நீ வந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டார் மனுஷன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் உன் அப்பாவுக்குச் சாப்பாட்டு மணி உன் வண்டிதான். பக்கத்து வீட்டு வேலம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “ஏம்பா தட்சணா, உங்க மாமனாருக்கு சோறு எறங்க பெட்ரோல் ஊத்தணுமா?” என்று கேட்டுவிட்டு, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். சிரிக்காதவர்கள் நாங்கள் மட்டும்தான்.

சத்தம் மட்டும் சில நாள் போதவில்லை. ஆளைத் தேடினார். உன் பழைய ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தாள் உன் அக்கா. கண்ணாடியை இறக்கிவிட்டு, வாயைத் திறக்காமல், கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து என்னைத் தொடாத மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார் மச்சான். விரல் விரலாகத் தடவினார். எனக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. நல்ல வேளை, அதற்குள் நடப்பது வெளியே தெரியாது.

அவர் பாசமாக உன்னிடம் பேசுவது என்ன தெரியுமா? என்னைப் பற்றித்தான். நாக்கு இழுத்துக்கொண்டாலும் அந்த விஷயத்துக்கு மட்டும் வார்த்தை வந்துவிடுகிறது. “டேய் வெற்றி... அந்தத் தண்டச்சோத்த... வெளிய தள்ளுடா.” நான் தலையை ஆட்டுவேன். அவருக்கு நிம்மதியாகிவிடும், இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கொள்வார். என்னைத் துரத்துகிறேன் என்று நானே வாக்குக் கொடுத்துத்தான் தினமும் அவர் வயிறு நிறைந்தது. உன் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது புரிந்திருக்கும், எனக்குக் கார்புரேட்டர் வேலை எப்படிப் படிந்தது என்று. ஓடாத வண்டி. கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் பிசினாகிவிடும். போதாததற்கு உப்பளக் காற்று. அலுமினியத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டில் ஒன்று அடைத்தாலும் வண்டி இருமும். இருமினால் உன் அப்பாவுக்கு அது உன் வண்டி இல்லை. பெட்ரோல் போகிற சின்னத் துளை, அந்த ஜெட்டில் கம்பி விட்டால் ஓட்டை பெரிசாகிவிடும் என்று தூண்டில் நரம்பை விட்டுக் குடைந்தேன். மீன் பிடிக்கத் துப்பில்லாதவனுக்குத் தூண்டில் இதற்காவது உதவியது.

நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். எலுமிச்சம்பழச் சாறு விட்டு வேகவைத்தால் கார்புரேட்டர் புதுசு போலாகும் என்று யூடியூபில் ஒருவன் சொன்னான். கேன் தண்ணீர் குடிக்கத்தானே என்று சிக்கனம் பார்த்து, ரேகாவின் ரசச் சட்டியில் நம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றி வேகவைத்தேன். நம் ஊர் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், சட்டியில் வற்றினால் அடியில் உப்புதான் நிற்கும். வெளியே பார்க்க வெள்ளி மாதிரி இருந்தது, உள்ளே ஜெட்டெல்லாம் உப்பு கட்டிக்கொண்டது. இரண்டு நாள் வண்டி கிளம்பவில்லை. உன் அப்பாவும் கிளம்பவில்லை. போனில் பதிவு செய்து வைத்திருந்த வண்டிச் சத்தத்தைக் காதருகே வைத்தோம். புகை வாசனை இல்லாததாலோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேன் தண்ணீரில் கழுவி, பெட்ரோலில் அலசி, பஞ்சர் கடையில் காற்றடித்து, மூன்றாம் நாள் கிளப்பினேன். வாய் திறந்தது. நானும் அன்றைக்குத்தான் சாப்பிட்டேன்.

இந்த நிலைமையில்தான் ‘வண்டியை விற்றுவிட்டேன், ஆள் வருவார், காட்டு’ என்று நீ செய்தி அனுப்பினாய். வேண்டாம் என்று ரேகா அனுப்பியதற்கும் கட்டைவிரல் வந்தது.

இரும்பைக்காரர் திங்கட்கிழமை வந்தார். தங்கமான மனுஷன், அவர்மேல் தப்பில்லை. வந்தது பொழுது சாய்கிற நேரம். சரி, ஒரே பெட்ரோலில் இரண்டு வேலை என்று வண்டியைக் கிளப்பிக் காட்டிவிட்டு, ஹெல்மெட்டோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். உன் அப்பா இரண்டு வாய் வாங்கியிருந்தார். இரும்பைக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். “சார், இவ்ளோ நல்லா வெச்சிருக்கீங்க, உங்க மூஞ்சி தெரியணும், யூடியூப்ல போடறேன்” என்று சொல்லிக்கொண்டே, ஓடிக்கொண்டிருந்த போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, மரியாதை செய்கிற மாதிரி, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார்.

உன் அப்பா என்னைப் பார்த்தார். என் கை அவர் கைக்குள்தான் இருந்தது. அதை உதறிவிட்டு, வாயிலிருந்த கஞ்சியை என் முகத்தில் துப்பினார். பக்கவாதக்காரருக்கு அவ்வளவு குறி தப்பாமல் துப்ப வரும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இரும்பைக்காரர் போன் அதையும் படம் பிடித்துக்கொண்டது. பாவம், அழித்துவிட்டதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு வாய்கூட இல்லை. வண்டியைக் கிளப்பினேன். ஒரே உதை. இரண்டு சிலிண்டரும் ஜோடி போட்டுப் பாடுகிறது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். உன் குரலைப் போனில் கேட்க வைக்கலாம் என்றால் நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். நேற்று நர்ஸ் வந்து மூக்கில் குழாய் போட்டார். சரியாக இருக்கும் அந்த ஒரு கையால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார். இப்போது உதட்டை நனைக்கத் துணி வைத்திருக்கிறோம். உன் அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னை உள்ளே வராதே என்று சொல்லிவிட்டாள். என்னைப் பார்த்தால் அவருக்கு மூச்சு வாங்குகிறதாம்.

அதனால் வண்டியை நீ தாராளமாக விற்கலாம். இனி எங்களுக்கு அது எதற்கும் உதவாது. ஞாயிற்றுக்கிழமை இரும்பைக்காரர் எடுத்துக்கொண்டு போவார், கார்புரேட்டரில் பெட்ரோலை வடித்துத்தான் கொடுப்பேன்.

மச்சான், அந்த நாக்கு இன்னும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. லீவு கேள். கொடுக்காவிட்டால் கொடுக்காமலே வா. நீ தாடி வளர்த்திருப்பதாகப் பக்கிரி மகன் சொன்னான். விமானம் ஏறுமுன் மழுங்கச் சிரைத்துக்கொண்டு வா. அவர் இன்னொரு முறை முகத்தை உற்றுப் பார்த்து யோசிக்கும்படி வைக்காதே. அதற்கு அவருக்கு நேரம் இல்லை.

உனக்காகக் கதவைத் திறந்தே வைத்திருக்கும்,
மாமா தட்சணாமூர்த்தி.