உப்பில்லாமல் அவித்த இறால்

அன்புள்ள பாண்டீஸ்வரிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? பாலவனத்தத்தில் மழை உண்டா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் எழுதி, லீவில் வரும் திருச்சுழி சின்னத்துரையிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் காலில் கொஞ்சம் வீக்கம். பயப்படாதே, வடிந்துவிட்டது. கிட்னிக்கு உப்பு ஆகாது என்று அருப்புக்கோட்டை டாக்டர் சொன்னதை நான் மீறவில்லை. கம்பெனியில் உடைந்த இறாலைச் சும்மா கொடுப்பார்கள். அதை உப்பே போடாமல் அவித்துத் தினமும் ஒரு கிண்ணம் தின்றேன். பத்தியம் இருக்கிறேன் என்று பெருமை வேறு.

வீங்கிய காலைக் காட்டப் போனபோது, இங்கே நெல்லூர் டாக்டர் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எடை கூடுவதற்காக இறாலை ஊறவைக்கும் பொடியில் பாஸ்பேட் இருக்கிறதாம். அது கிட்னிக்கு ஆகாதாம். அவர் தெலுங்கில் சொன்னதை எனக்கு விளக்கிய சின்னத்துரை, வெளியே வந்ததும் சிரித்தான்.

"ஏலே, அந்தப் பொடியத் தொட்டியில கரைக்கிறதே நீதானலே!"

ஆறு வருஷமாக நான்தான் கரைக்கிறேன். அது யார் வயிற்றுக்குப் போகும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ரத்தம் சோதித்துப் பார்த்த பிறகு, பொடித்தண்ணீர் படாத இறாலை நன்றாக வேகவைத்து, வாரம் ஒருநாள் நாலைந்து மட்டும் தின்னலாம் என்கிறார். எனக்கு அந்த வாடையே பிடிக்கவில்லை.

சின்னத்துரை திரும்பும்போது நம்மூர்த் துண்டு ஒன்று கொடுத்துவிடு. பாளையம்பட்டிக் கடையில் ரப்பர் செருப்பும் வாங்கு, இங்குள்ளது கடிக்கிறது. வேன்காரன் ஹார்ன் அடிக்கிறான், முடிக்கிறேன். செருப்பில் என் அளவு எட்டு என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் பத்தாம் நம்பரே வாங்கு.

மாரிச்செல்வம்