இன்னும் ஒரு நூல்

என் அம்மணிக்கு,

முதலில் நல்ல சேதி. நேற்றுக் காலை ரைஃபிள் கிளப்பில், நம் அச்சில் வார்த்த குண்டுகள் பத்தும் முந்நூறு மீட்டருக்கு அப்பால் என் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கிவிட்டன. குறி அட்டையில் கையை வைத்து மறைத்துப் பார்த்தேன். ஒரு துளைகூட வெளியே தெரியவில்லை. நீ இருந்திருந்தால், "கைய எடுங்க, நானும் பாக்கோணும்" என்று என்னை இடித்துத் தள்ளியிருப்பாய்.

நீ போன பிறகு குண்டு அச்சுப் பக்கமே நான் போகவில்லை. பட்டறையில் பம்பு ஷாஃப்ட் மட்டும் கடைந்துகொண்டிருந்தேன். அச்சுக்குப் படம் வரைந்தவள் நீ. ஈயம் ஆறினால் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டவளும் நீ. எந்தத் தைரியத்தில் நான் தனியாகக் கைவைப்பேன்?

போன மாதம் கோபியிலிருந்து நம் வாழைத்தோப்புக்காரர் வந்தார். நமக்கு முதன்முதலில் அச்சுக்கு ஆர்டர் கொடுத்தவர். "ஏனுங்க, அச்சு கீழ உழுந்து மழுங்கிப்போச்சுங்க. போட்டிக்கு அதே அச்சு வேணுமுங்க" என்றார். "வரைஞ்சவ இல்லீங்களே" என்றேன். "படம் இருக்குமில்லீங்க?" என்றார்.

அதே அச்சு! நம் தப்பில் பிறந்த அச்சு. அன்றைக்கு அவர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டு, குண்டைத் துளி நீளமாக்கச் சொன்னார். நீ படத்தின் ஓரத்தில் ‘இன்னும் ஒரு நூல்’ என்று எழுதினாய். ஈரோட்டுத் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நூல் என்றால் நெய்கிற நூல், அதன் கனம். லேத்துக்காரனுக்கு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நான் அந்த எட்டில் ஒன்றைக் கூட்டிக் கடைந்துவிட்டேன். வார்த்துப் பார்த்தால் குண்டு முருங்கைக்காய் மாதிரி நீண்டு கிடந்தது. "இதென்ன கூத்துங்க!" என்று நீ தலையில் கைவைத்துக்கொண்டாய்.

வேறு வழியில்லாமல் அவர் அதையே போட்டிக்கு எடுத்துப்போனார். அன்று பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எல்லோருடைய குண்டையும் ஓரம் தள்ளியது. நீளத்தால் கனம் கூடிய நம் குண்டு மட்டும் அவ்வளவாக அசையாமல் போய்த் தைத்தது. ஜெயித்தவர் அவர், சண்டை நமக்கு. "நூலையே ஒட்டிக் குடுத்தனுங்களே" என்பாய் நீ. "எங்கே, காட்டு" என்பேன் நான். படத்தில் நூல் இருக்காது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நீ விடவில்லை. "இப்பவாச்சும் ஒத்துக்கோங்க" என்றாய். நான் சிரித்து மழுப்பினேன். ஒத்துக்கொண்டால் சண்டை முடிந்துவிடும் என்று பயந்தேனோ என்னவோ.

அவருக்காக அந்தப் படத்தைத் தேடியெடுத்து ஜன்னலோரம் விரித்தேன். உன் எழுத்துக்குப் பக்கத்தில் பழுப்பேறிய பசைத்தடம். அதில் சிவப்பாக நாலு இழை. பொட்டில் அடித்த மாதிரி நினைவு வந்தது. ஏதோ குப்பை என்று நான்தான் அந்த நூலை நகத்தால் சுரண்டி, ஊதித் தள்ளிவிட்டு லேத்தை ஓட்டினேன்! கண்ணில் நீர் வரச் சிரித்தேன், அம்மணி. அப்புறம் அந்த நீர் நிற்கவே இல்லை.

ஈயம் சுருங்கும் கணக்கு உன் கையெழுத்தில் ஓரமாக இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துக் கடைந்தேன். இந்தத் தடவை தெரிந்தே அதே தப்பைச் செய்தேன். நேற்று அவர் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது, கிளப்பே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்: "தப்பு என்னுதுங்க. அவ சரியாத்தான் குடுத்தா." என்ன சொல்கிறேன் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்கும்.

இன்னும் இரண்டு பேர் அச்சுக் கேட்டிருக்கிறார்கள். இனி நானே வரைவேன். உன் கோடு மாதிரி நேராக வராது, திட்டாதே. ஒவ்வொரு படத்திலும் ஒரு சிவப்பு நூல் ஒட்டுவேன். சத்தியமாக, ஊதித் தள்ள மாட்டேன்.

நீ ஒருநாளும் பேர் சொல்லாமல் ‘ஏனுங்க’ என்றே கூப்பிட்ட,
உன் வீட்டுக்காரன்