நாலாவது பெயர்

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நாங்கள் சௌக்கியம், சௌக்கியமாக இருக்கத் தகுதியில்லாத சிலர் எங்களைவிடச் சௌக்கியம், நீ எப்படி இருக்கிறாய் என்பதை மறைக்காமல் எழுது. போன கடிதத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் ஆராய்ச்சி எனக்குச் சரிப்படாது, மாதக் கடைசியில் லேப் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நன்றாகத் தூங்குகிறவள் எழுதுகிற வரியா அது. உன் அப்பாவிடம் அதைக் காட்டவில்லை, அவரே எடுத்துப் படித்துக்கொண்டார். முப்பது வருஷம் தபாலாபீஸில் இருந்தும் ஊரார் உறை ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை என்று பெருமை அடித்துக்கொள்கிற மனுஷன், சொந்த மகளின் உறையை மட்டும் விடமாட்டார். இந்தக் கடிதத்தையும் அவர் படித்த பிறகுதான் ஒட்ட வேண்டுமாம். அதனால் அவருக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன், தெரிந்த கதையையே அளக்கிறாளே என்று சலித்துக்கொள்ளாதே. குழாய் இன்னும் ஒழுகுகிறது, மூன்று வாரமாக அவரே சரிசெய்துகொண்டிருக்கிறார். உன் அண்ணன் ஓடுவதற்கு ஒரு மெஷின் வாங்கினான், அதில் ஈரத்துணி காய்கிறது. ஹாலில் மாட்டியிருந்த சட்டத்தை நான் கழற்றிவிட்டேன், சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிகிறது. ஏன் கழற்றினாய் என்று அப்பா நாலு நாளாகக் கேட்கிறார், பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளட்டும்.

போன வாரம் எங்கள் பழைய லேபில் பட்டுக்குரலுக்கு வாழ்நாள் விருது கொடுத்தார்கள். அவர் சொந்தப் பெயரை இந்தப் பேனாவால் எழுத எனக்கு இஷ்டமில்லை. எங்கள் தலைவராக இருந்தவர், கத்தவே மாட்டார், குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டுதான் பேசுவார் என்பதால் அந்தப் பெயர், வைத்ததும் நான்தான். போகவேண்டாம் என்றுதான் இருந்தேன், அந்தக் காலத்து ஆட்களில் மிச்சம் நான் ஒருத்திதான், வராவிட்டால் நன்றாயிருக்காது என்று கெஞ்சினார்கள். முன்வரிசை முழுக்கத் தலையாட்டி பொம்மைகள். ஒளி ஓடுகிற கண்ணாடி இழையான ஃபைபருக்கும் தாம்புக்கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் பாராட்டுரை படித்தார். அதன் பிறகு இவர் ஐம்பது நிமிஷம் பேசினார், அதில் ஃபைபரைப் பற்றி ஆறு நிமிஷம், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் ஒளியைக் கூட்டிவிடும் பெருக்கி ஒன்றுகூட இல்லாமல் முந்நூற்றிருபது கிலோமீட்டர் தூரம் ஒளியை ஒரே மூச்சில் அனுப்பிக் காட்டினோம் என்று சொன்னபோது குரல் தழுதழுத்தது. அதுவும் பழக்கம்தான், அந்த வரியில் எப்போதும் தழுதழுக்கும். டீ குடிக்கும்போது என்னிடம் வந்து, "உங்க பொண்ணும் நம்ம லைன்தானாமே, என் முறைய வெச்சுத்தான் தீசிஸ் பண்றாளாமே, கேக்கவே சந்தோஷமா இருக்கு" என்றார். எனக்குக் கையில் இருந்த டீயை அப்படியே அவர் சட்டையில் ஊற்றலாம் போல இருந்தது. ஊற்றவில்லை, கப்பைக் கீழே வைத்துவிட்டு, நீங்களே உண்மையைச் சொல்லிவிடுங்கள், என் பெண் இரண்டரை வருஷமாக அந்த முந்நூற்றிருபதைத் தேடி அலைகிறாள் என்றேன். "அதெல்லாம் இப்ப யாரும்மா திரும்பிப் பாக்கப் போறாங்க" என்றார். என் பெண் பார்க்கிறாள் என்றேன். "சின்னப் பொண்ணுதானே, கத்துக்கட்டும்" என்று சிரித்துவிட்டு யாருடனோ போட்டோ எடுத்துக்கொள்ளப் போய்விட்டார். இந்த ஆளிடம் இருபத்தாறு வருஷம் சார் சார் என்று நின்றிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே என்மேல் குமட்டுகிறது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்போம் இல்லையா, அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் இரண்டு மீட்டர் மஞ்சள் வயரால் நேரே இணைத்து, நடுவில் அந்த மங்கல் பெட்டியை வைத்து, முந்நூற்றிருபது கிலோமீட்டர் போனால் ஒளி எவ்வளவு மங்குமோ அவ்வளவு மங்கவைத்து. பார்த்து முடித்ததும் மஞ்சள் வயரைக் கழற்றிவிட்டு நிஜமான ஃபைபர் சுருள்களை மாட்ட வேண்டும். முந்நூற்றிருபதைச் செய்துகாட்டிய அன்றைக்கு விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று ஒரே பரபரப்பு, பட்டுக்குரல் புதுச் சட்டையைத் தடவிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார், யாரும் கழற்றவில்லை. மீட்டரில் மங்கல் சரியாகத்தான் காட்டியது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திரையில் சிக்னல் பளிச்சென்று வந்தது, ஒரு பிழை இல்லை, எல்லோரும் கை தட்டினார்கள், நானும்தான். மறுநாள் காலை ஒழுங்குபடுத்தப் போனேன். சுருள் அடுக்கின் இரண்டு முனையிலும் ரப்பர் மூடி போட்டபடியே இருந்தது, மூடியின்மேல் ஒரு வாரத் தூசி. ஒளி அந்தச் சுருளுக்குள் போகவே இல்லை. முந்நூற்றிருபது கிலோமீட்டர் என்று உலகத்துக்குச் சொன்னது இரண்டு மீட்டர் மஞ்சள் வயர்.

அன்றே அவரிடம் போய்ச் சொன்னேன், அந்தமட்டில் என் கணக்கு சரி. அவர் கோபப்படவில்லை, என்னை உட்காரச் சொன்னார், "கட்டுரை நேத்து ராத்திரியே போயாச்சும்மா, அப்புறம் ஒழுங்கா ஒரு தடவை பண்ணி வெச்சுக்கலாம், நம்ம முறை தப்பு இல்லையே" என்றார். அதோடு, கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் இல்லாத என் பெயரை அச்சாகுமுன் நாலாவதாகச் சேர்த்தார். என்னை யாரும் மிரட்டவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். மிரட்டியிருந்தால் எனக்கு ரோஷம் வந்திருக்கும். ஒரு வரியில் என் பெயர் அச்சில் வரப்போகிறது என்றதும் தலைகால் புரியாமல் பல்லை இளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். நீ அதன் கீழே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாய், அம்மா மாதிரி நானும் ஒளியை அனுப்பப் போகிறேன் என்று சொன்னாய். நான் சிரித்தேன். ஒழுங்காகச் செய்துவைத்துக்கொள்ளலாம் என்றாரே, மூன்று தடவை செய்து பார்த்தோம், நிஜச் சுருளில் ஒளி மங்குவதோடு போகப்போகச் சிதறியும் போகிறது, நூற்றைம்பது கிலோமீட்டரிலேயே சிக்னல் செத்துப்போனது. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. இப்போது நீ, எனக்கு நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் சிக்னல் வரவே மாட்டேன் என்கிறது, உன் கையில் வேலை சுத்தமில்லை என்று புரொஃபசர் சொல்கிறார், நீங்கள் அன்றைக்கு என்ன செய்தீர்கள் அம்மா என்று ஃபோனில் கேட்டாயே, நான் என்ன சொன்னேன். ஃபைபரை மாட்டுகிற கனெக்டர் முனையை நன்றாகத் துடைத்துப் பார் என்றேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை சொன்னேன். பட்டுக்குரலையாவது ஊரை ஏமாற்றியவர் என்று திட்டலாம், நான் பெற்ற பெண்ணை ஏமாற்றினேன், எனக்கு எந்தப் பெயர் வைப்பது என்று நீயே யோசி. இதையும் ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் ஃபோனில் உன்னிடம் பொய் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, எல்லாம் நான் செய்தாயிற்று. ரப்பர் மூடி கழற்றாமலே இருந்த விவரத்தை அன்றைய தேதியோடு என் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன், அவ்வளவு யோக்கியதை அப்போது மிச்சம் இருந்தது. அந்தப் பக்கத்தின் நகல் இதோடு இருக்கிறது, அசல் கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்குப் போகிறது, கட்டுரை தவறு என்று நான் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு. பட்டுக்குரலுக்கும் ஒரு பிரதி, விருதுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும். உன் புரொஃபசரிடம் இதைத் தைரியமாகக் காட்டு. உன் நூற்றுத் தொண்ணூறு எங்கள் நூற்றைம்பதைவிட நாற்பது கிலோமீட்டர் அதிகம், அந்த முறையால் இதுவரை யாரும் நிஜமாகப் போன தூரங்களில் அதுதான் பெரியது. வேலை பிடிக்காமல் விடுகிறாய் என்றால் தாராளமாக விடு, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். நடக்காத ஒன்று உனக்கு நடக்கவில்லை என்பதற்காக விடாதே.

அப்பா இதுவரை படித்துவிட்டார். ஹாலுக்குப் போய் அந்த வெளுத்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு குழாயிடம் போய்விட்டார். ஆணியை நான் பிடுங்கப் போனபோது, "இருக்கட்டும், சின்னவளோடது வரும்ல" என்றார். மாதக் கடைசிக்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்று தபாலாபீஸில் அவருக்குத் தெரிந்தவர்களை விசாரித்துவிட்டுத்தான் போடுகிறோம், அதுவரை சாவியைக் கொடுக்காதே. ஈரச் சாக்ஸோடு லேபில் நிற்காதே, முதுகு வலிக்கு உயரமான நாற்காலி ஒன்று கேட்டு வாங்கு, வெட்கப்படாதே. தீர்க்காயுசாக, யாருக்கும் தலையாட்டாமல் இரு. முனையைத் துடை என்று சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள். உன் முனை முதல் நாளிலிருந்தே சுத்தமாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
உன் அம்மா,
அந்தக் கட்டுரையின் நாலாவது பெயர்.